ஓம எண்ணெய் குறைந்த ஆடி மாதம்

வாசனை எண்ணெய் எடுக்கிற ஆலைகளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிடும்போதெல்லாம் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "மேடம், விதைய எவ்வளவு நைசா அரைக்கணும்?" குருணையாக உடைய வேண்டும், மாவாகப் போகக் கூடாது என்று சொல்வேன். உடனே எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்களோ என்றுதான் எனக்குக் கவலை. அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறேன்.

ஓமம், சீரகம், சோம்பு, கொத்தமல்லி எல்லாவற்றிலும் எண்ணெய் தோலுக்கு அடியில் மெல்லிய குழல்களுக்குள் அடைந்து கிடக்கிறது. முழு விதையாகப் போட்டால், எண்ணெயை இழுக்க நாம் ஏற்றுகிற நீராவி மேலாகவே போய்விடும், உள்ளே போகாது. அதனால் உடைக்கிறோம். அளவு மீறி உடைத்தால் தூள் நனைந்து சேறு மாதிரி படிந்துகொள்ளும். ஆவி அதில் எலி வளை போல ஒரு ஓட்டையைப் போட்டுக்கொண்டு அது வழியாகவே போய்க்கொண்டிருக்கும். சுற்றிலும் இருக்கிற சரக்கு சும்மா வெந்துகொண்டு கிடக்கும். இன்னொன்றும் உண்டு. விதையை உடைத்த நிமிடத்திலிருந்து எண்ணெய் காற்றில் போகத் தொடங்குகிறது. நாம் அதற்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறோம். அது நமக்காகக் காத்திருக்காது.

இலைக்கு இந்தக் கணக்கே கிடையாது. நான் வேலைக்கு வந்த புதிதில், என்னோடு சேர்ந்த ஒரு பையன் துளசியை விதை மாதிரியே மில்லில் கொடுத்துவிட்டான். பச்சைச் சட்னியாக வந்தது. அறை முழுக்கத் துளசி மணத்தது, எங்களுக்கெல்லாம் பெருமையாகக் கூட இருந்தது. மணம் மூக்குக்கு வந்துவிட்டால் எண்ணெய் டப்பாவுக்கு வராது என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. துளசியில் எண்ணெய் இலையின் மேல் தோலிலேயே சின்னச் சின்ன முடிகளின் நுனியில் இருக்கிறது. வாட விட்டு, வெட்டிப் போட்டால் போதும். அந்தப் பையன் இப்போது பெரிய இடத்தில் இருக்கிறான். அவனுக்கு இன்னும் துளசி வாசனை பிடிக்காது.

சரி, ஓமத்துக்கு வருகிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது திருத்தணிக்கு வெளியே, அரக்கோணம் போகிற சாலையில் இருந்த ஒரு சின்ன ஆலை. பரிசோதனைக் கூடத்தில் தொடங்கி, கடைசியில் உற்பத்தி முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. கொரோனா ஓய்ந்து ஆலை மறுபடி ஒழுங்காக ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. எல்லோரும் இன்னும் முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்தோம். ஆந்திராவிலிருந்து ஓமம் லாரி லாரியாக வந்துகொண்டிருந்தது. சென்னையில் மருந்துக் கம்பெனி ஒன்று நாங்கள் எவ்வளவு ஓம எண்ணெய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது.

அரவை அறையைப் பார்த்துக்கொண்டவர் முனிரத்தினம். பொதட்டூர்பேட்டைக்காரர். வீட்டில் இருந்த தறியை விட்டுவிட்டு மில் வேலைக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதிகம் பேசமாட்டார். மில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று விதை விழுவதைக் குறைப்பார், சில சமயம் சுத்தமாக நிறுத்திவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டுவிடுவார். அவருக்கு ஓய்வு வேண்டியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் அரைத்த சரக்கில் குறை வந்ததே இல்லை. அதனால் ஏன் நிறுத்துகிறார் என்று அவரை யாரும் கேட்டதும் இல்லை.

அரைத்த விதையை ஸ்டில் என்கிற பெரிய பாத்திரத்தில் கொட்டி ஆவி ஏற்றுவோம். ஆவியும் எண்ணெயும் சேர்ந்து குளிர்ந்து ரிசீவர் என்கிற கலத்துக்கு வரும். தண்ணீர் கீழே நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும். அந்த ரிசீவர் பக்கத்தில் நின்று எண்ணெயைப் பிரித்து டப்பாவில் பிடிக்கிற வேலை அமுலுவுக்கு. அம்மையார்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவளுடைய அப்பா கூலிக்கு நிலத்தில் வேலை செய்கிறவர். அவள் குடும்பத்தில் நிலத்தை விட்டு வெளியே வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். கை சுத்தம், கண் கூர்மை. எண்ணெயோடு ஒரு துளி தண்ணீர் போக விடமாட்டாள்.

அந்த ஆடி மாதத்தில் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு பார்த்தாலே தெரிகிற அளவுக்கு.

வந்த விதையைச் சோதித்தோம். நல்ல விதை. பாய்லரில் குறை இல்லை. ஓம எண்ணெய் குளிர்ந்தால் கட்டியாகிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும், அதையும் கழற்றிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. கசிவு எங்கேயும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, எண்ணெய் மட்டும் இல்லை என்றால் மனிதர்களின் எண்ணம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். எண்ணெயைக் கடைசியாகத் தொடுகிற கை யாருடையது என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து எல்லோரும் வெளியே போகிற நேரத்தில் கேட்டில் அமுலுவை மட்டும் நிறுத்தினார்கள். முதலாளி சொல்லித்தான் காவலாளி செய்தார். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஓம வாசனை அடித்தது. அவர் ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினார். பின்னால் நின்றுகொண்டிருந்த முப்பது நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள்.  அமுலு சாமான்களை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

நான் அப்போது உள்ளே இருந்தேன். முதலாளி கூப்பிட்டு அனுப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கி அந்த ஆலையை நிமிர்த்தியவர், சென்னைக்காரர்கள் தினமும் போனில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் போலீசில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். என்ன ஆதாரம் என்று கேட்டேன். டப்பாவில் வாசனை வருகிறதே, அது போதாதா என்றார்.

என் பையிலிருந்து என்னுடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்து அவர் மேஜையில் திறந்து வைத்தேன்.

"இதையும் மோந்து பாருங்க சார்."

அவர் குனியவில்லை. குனியாமலேயே அவருக்குத் தெரிந்தது. ஓமம் ஓடுகிற நாட்களில் எங்கள் எல்லோருடைய டப்பாவும், தலைமுடியும், வீட்டுத் தலையணையும் அப்படித்தான் மணக்கும்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ஒரு நாளில் என்ன கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று கேட்டார். உண்மையில் எனக்கும் தெரியவில்லை. "தெரியல சார். ஆனா போலீசுக்குப் போயிட்டா அப்பால அந்தப் பொண்ணு பேரை நம்மால திருப்பிக் குடுக்க முடியாது" என்றேன். நாளை சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார்.

நெருக்கடி வரும்போது உங்களைச் சுற்றி எல்லோரும் ஒரு முடிவைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் கையில் பதில் இல்லாவிட்டால், திருப்பி எடுக்க முடியாத காரியம் எது என்று மட்டும் பாருங்கள். அதைத் தள்ளிப் போடுங்கள். மற்றதை மெல்ல யோசிக்கலாம்.

அன்றைக்கு முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டம். தாமதமாக வந்த பஸ் காவடிக்காரர்களால் நிரம்பி வழிந்தது. திருத்தணி பஸ் நிலையம் வரை முனிரத்தினமும் நானும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவர் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் மொட்டையடிக்கக் கூட்டிப் போகிற குழந்தை. குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்க ஆரம்பித்தது. தும்மல் வேறு. அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னா பூசிகினு வந்திருக்கீங்க, புள்ளைக்குக் கண்ணு எரியுது என்று முனிரத்தினத்திடம் சொன்னார்.

முனிரத்தினம் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சட்டைத் தோளை இழுத்து மூக்கில் வைத்து முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார். பிறகு அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவர் என்னைத் தாண்டிப் போனபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. வெளிக்காற்று வீசுகிற பஸ்ஸில், முகக்கவசம் போட்டிருந்தும். ஆலைக்குள் எல்லாமே ஓமம், அதனால் எதுவும் தனியாகத் தெரியாது. இவ்வளவு வருஷம் இதே மனிதரோடு இதே பஸ்ஸில் வந்திருக்கிறேன். அவர் சட்டை இப்படி மணந்ததே இல்லை. இந்த வாசனை எங்கள் எண்ணெய் டப்பாவில் இருக்க வேண்டிய வாசனை ஆயிற்றே என்று நினைத்தேன். அந்த எண்ணம் வந்த பிறகு என் ஊர் வரை வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

காலையில் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். மூட்டையிலிருந்து முழு ஓமம் கொஞ்சம் எடுத்து இரும்பு உரலில் போட்டு, கைக்கு வலிக்காத இடியாக இடித்து உடைத்தேன். இன்னொரு பக்கம் மில்லில் அரைத்து வைத்திருந்த சாக்கிலிருந்து அதே எடை எடுத்துக்கொண்டேன். இரண்டையும் கண்ணாடிக் குடுவைகளில் போட்டுத் தனித்தனியாகக் காய்ச்சினேன். ஸ்டில்லும் இல்லை, ரிசீவரும் இல்லை, அமுலுவும் இல்லை.

உரலில் இடித்ததிலிருந்து வந்த எண்ணெய் கண்ணாடிக் குழாயில் நல்ல உயரத்துக்கு நின்றது. மில் சரக்கிலிருந்து வந்தது அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான்.

எண்ணெய் ஸ்டில்லுக்குப் போகும் முன்பே போய்விட்டிருந்தது. அமுலு பிடிக்க அங்கே ஒன்றும் வந்து சேரவே இல்லை.

இத்தனை நாளும் நாங்கள் சோதித்தது இரண்டே இடத்தில். வருகிற முழு விதை, கடைசியில் வருகிற எண்ணெய். நடுவில், அரைத்த சரக்கை யாரும் சோதித்ததில்லை. அரைப்பது என்பது உடைக்கிற வேலை, அதில் எண்ணெய் எங்கே போய்விடும் என்ற நினைப்பு. நீங்கள் உங்கள் ஆலைக்குப் போனதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். மில்லிலிருந்து வெளியே வரும் சரக்கில் கை வைத்துப் பாருங்கள்.

நான் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். அரவை அறைக்குப் போய், சாக்கின் வாயில் கையை விட்டேன். வாணலியிலிருந்து கொட்டி வைத்த மாதிரி சூடாக இருந்தது. முகக்கவசத்தை இறக்கியதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. தூசியை இழுக்கிற மின்விசிறி அந்த மணத்தையெல்லாம் சுவருக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் முதலாளி பழைய சல்லடையை எடுத்துவிட்டு நைஸான சல்லடை போடச் சொல்லியிருந்தார். நைஸாக அரைத்தால் எண்ணெய் அதிகம் வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சல்லடைதானே என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விதை அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேற முடியாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி அடிபட்டுச் சூடாகிறது. அது எனக்குப் புரிந்தது. முனிரத்தினம் ஏன் நிறுத்தவில்லை என்பதுதான் புரியவில்லை. முன்பெல்லாம் இதில் பாதி சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிருப்பாரே.

அப்போதுதான் பஸ்ஸில் சட்டையை முகர்ந்த அவர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. குழந்தைக்கு எரிந்தது, எனக்கு எரிந்தது, மூக்கில் வைத்து அழுத்தி முகர்ந்தவர் முகம் ஒரு கணம் கூடச் சுளிக்கவில்லை.

என் பையில் இரண்டு சின்ன பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் எண்ணெய், இன்னொன்றில் தண்ணீர். கூடத்திலிருந்து கிளம்பும்போது எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டவை. எது எண்ணெய் என்று மோந்து சொல்லுங்கள் என்று கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அறையில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பாட்டில்களை எடுக்கவில்லை. அவர்களைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். மில்லை நிறுத்தச் சொன்னேன். சத்தம் அடங்கியதும் அவர் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அண்ணே, மூக்கு எப்படி இருக்குது?"

 அவர் கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"கொரோனா ஜுரம் வந்து போச்சு இல்ல மேடம். ருசி திரும்பி வந்துடுச்சி. வாசனை மட்டும் வரல. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்துகினே இருக்கேன்."

வீட்டில் கூட அவர் சொல்லவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து தெருவே மணந்திருக்கிறது. மனைவி ஓடி வந்து பார்த்தால் இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். அப்படித்தான் மனைவிக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் மில்லை அவர் மூக்கால்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். மணம் ஏறினால் சரக்கு சூடாகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுவார். இப்போது மணம் ஏறுவதே இல்லை, அதனால் மில் நன்றாக ஓடுகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

இங்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வாசனை கம்பெனில மூக்கு இல்லாதவன வெச்சுக்குவாங்களா மேடம்?"

 நேர்மையாகச் சொன்னால், அப்படி ஒருவரை நேர்காணலில் பார்த்திருந்தால் நாங்கள் எடுத்திருக்கமாட்டோம்.

கண்ணாடிக் குழாயில் நான் பார்த்ததை அவரிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே அவர் முகம் மாறியது. கேட்டில் அமுலுவை நிறுத்தியதை அவரும் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒன்றுதான் என்று அந்த நிமிடம் வரை அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தார்.  எழுந்துகொண்டு, வாங்க மேடம் போலாம் என்றார். எங்கே என்று கேட்டேன். முதலாளியிடம் என்றார். மூக்கு விஷயத்தை நான் சொல்லாமலே சமாளிக்க முடியும், சல்லடை மேல் பழியைப் போட்டுவிடலாம், சல்லடையும் காரணம்தானே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. முன்னால் நடந்துவிட்டார்.

முதலாளி இரண்டு குழாய்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். அப்ப எண்ணெய் எங்கதான் போச்சு என்று கேட்டார்.

"காத்துல போச்சு சார்" என்றேன். "கொஞ்சம் இவர் சட்டையில, மீதியெல்லாம் ஃபேன் வழியா வெளியில."

முனிரத்தினம் தன் விஷயத்தைத் தானே சொன்னார். நின்றுகொண்டே, தரையைப் பார்த்தபடி, நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.  முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நைஸ் சல்லடைய நான் தான போடச் சொன்னேன் என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். அவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

முனிரத்தினத்தை மூட்டை கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிடலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். மில்லின் சத்தம் அவருக்குத் தெரியும், கை இருக்கிறது. சூட்டைப் பார்க்கக் கை போதும். மூக்கால் செய்துகொண்டிருந்ததை இனி கையால் செய்யட்டும் என்றேன். அன்றைக்கே பழைய சல்லடை திரும்பி வந்தது. விதை விழுகிற வேகத்தைக் குறைத்தோம். சாக்கின் வாயில் கை வைத்தால் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது, போனால் யாரும் யாரையும் கேட்காமல் மில்லை நிறுத்தலாம் என்று முடிவு செய்தோம். அரைத்ததை அடுக்கி வைப்பதையும் விட்டுவிட்டோம். அரைத்த கையோடு ஸ்டில்லுக்குப் போய்விட வேண்டும். இரண்டு நாளில் எண்ணெய் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

எண்ணெய் வந்துவிட்டது. அமுலு வரவில்லை.

முதலாளி ஆள் அனுப்பினார். அவள் வீட்டில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் போகிறேன் என்றேன். முனிரத்தினம் நானும் வருகிறேன் என்றார். அவர் கட்டாயம் வர வேண்டியதில்லை என்று சொன்னதையும் கேட்கவில்லை.

வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா வரப்பில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வாங்க வாங்க, வீட்டுக்குப் போலாம் வாங்க என்று பரபரத்தார். "நைனா, நீ சும்மா இரு" என்றாள் அமுலு. எழுந்திருக்கவில்லை. களைக்கொட்டு கையில் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் பேசுவதற்குள் முனிரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினார். அவளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஜுரம், மூக்கு, மில் சூடு, எண்ணெய் காற்றில் போனது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவள் முழுவதையும் கேட்டாள்.

"மூக்கு போச்சுன்னா சொல்லி இருக்கலாம் இல்ல மாமா?" என்றாள். "உனக்கு போனது மூக்கு. எனக்கு பேரு போச்சு."

அவர் தலை குனிந்தபடியே இருந்தார். ஆங், என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வர அவளுக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டாள். "எல்லாரும் பாக்க சொல்ல தான் என் பைய தொறந்தாங்க. எல்லாரும் பாக்க சொல்ல தான் நான் எடுக்கலன்னு சொல்லணும். ரூமுக்குள்ள கூப்ட்டு சொன்னா நான் வரமாட்டேன் மேடம்." அவள் அப்பா பதறிப்போய், பெரிய மனுஷங்ககிட்ட அப்படியெல்லாம் பேசாதே என்றார். எனக்கு அவள் கேட்டதில் ஒரு எழுத்து கூட அதிகமாகப் படவில்லை. முதலாளியிடம் அப்படியே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில், வேலைக்கு ஆட்கள் உள்ளே வருகிற நேரத்தில், அவர் கேட்டில் வந்து நின்றார். அமுலு வந்ததும் எல்லோரையும் நிற்கச் சொன்னார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை, குரல் எழும்பவில்லை. எண்ணெய் குறைந்தது மில்லால்தான், இந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல, சோதனை போட்டது எங்க தப்பு என்று சொன்னார். முன்னால் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. இன்னா சொல்றாரு என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அன்றைக்கு டப்பாவை முகர்ந்து பார்த்த அதே காவலாளி, யாரும் சொல்லாமலே, அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார். "அமுலு ஒண்ணும் எடுக்கல. நாம தான் தப்பா நெனச்சிட்டோம்." அமுலு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இதைச் சொல்லும்போது சிலர் கேட்பார்கள், அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்று. இல்லை. ரிசீவர் பக்கத்தில் இனி நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எண்ணெய் எத்தனை நாள் சரியாக வந்தாலும், குறைகிற நாளில் எல்லோரும் தன்னைத்தான் பார்ப்பார்கள் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். வேறு எந்த இடம் காலியாக இருக்கிறது என்று கேட்டாள். அரவை அறையில் மில்லுக்கு விதை தள்ளிவிட ஒரு ஆள் தேவைப்பட்டது. முனிரத்தினத்தோடு அவளை எப்படி வைப்பது என்று எனக்குத் தயக்கம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, போறேன் என்றாள்.

அவரோடு அவள் பேசவில்லை. நாள் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில். அவர் காலையில் வந்ததும் அவளுக்கு ஒரு முறை தலையசைப்பார். அவள் தன் இடத்தில் போய் நின்றுகொள்வாள். அவர் நடு நடுவே சாக்கின் வாயில் கை வைத்துப் பார்ப்பார், வேகத்தைக் குறைப்பார், நிறுத்துவார். எல்லாம் சைகையிலேயே நடந்தது. நான் போகும்போதெல்லாம் அந்த அறையில் மில்லின் சத்தம் மட்டும்தான் இருக்கும். வேலை ஒழுங்காக நடந்தது, அதனால் நான் அதில் தலையிடவில்லை. தலையிடாமல் இருப்பதும் சில சமயம் நம் வேலைதான். கோபப்படுவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது, எப்போது விடுவது என்பது அவள் பாடு.

கார்த்திகை மாதம் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்குச் சீரகம் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் காற்றுக்கு விதை கொஞ்சம் நமத்துப்போய் மில்லில் ஒட்ட ஆரம்பித்திருந்தது. நான் கதவுக்கு வெளியே குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். முனிரத்தினம் அப்போதுதான் சாக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பியிருந்தார். அமுலு விதை தள்ளிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"மாமா, கண்ணு எரியுது. நிறுத்து."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். சரக்கில் கை வைத்துச் சரிபார்க்கப் போகவில்லை. நேராகப் போய் ஸ்விட்சை அணைத்தார். மில் சுற்றிச் சுற்றி மெல்ல ஓய்ந்தது. இருவரும் மழையைப் பார்த்தபடி கதவோரம் வந்து நின்றார்கள். உள்ளே போகலாமா என்று யோசித்த நான், குடையை மறுபடி விரித்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.